எலுமிச்சைக்கும் தர்பூசணிக்கும் ஒரே மார்க்

தோட்டத்துப் பழங்களை எப்போது பறிக்கலாம் என்று பார்ப்பதற்காகத்தான், சாறு எவ்வளவு இனிப்பு என்று பார்க்கப் பயன்படும் ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கருவியை வாங்கினேன். ஒரு சாண் நீளம். ஒரு முனையில் கண் வைத்துப் பார்க்கும் வில்லை, மறு முனையில் சாய்வாக ஒரு பிரிசம், அதன்மேல் திறந்து மூடும் பிளாஸ்டிக் மூடி. பேட்டரியும் இல்லை, சுவிட்சும் இல்லை. பிரிசத்தில் சாற்றை விட்டு, குமிழி இல்லாமல் மூடி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால் உள்ளே மேலே நீலம், கீழே வெள்ளை. இரண்டும் சந்திக்கும் கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் பிரிக்ஸ் அளவு. 100 கிராம் சர்க்கரைக் கரைசலில் ஒரு கிராம் சர்க்கரை இருந்தால் 1 பிரிக்ஸ்.

முதலில் காய்ச்சி வடித்த நீரை விட்டு, கோடு பூஜ்யத்தில் நிற்கும்படி ஒரு குட்டித் திருகைத் திருப்ப வேண்டும். நான் திருப்பிக்கொண்டிருந்தபோது அம்மா எட்டிப் பார்த்தார்.

"என்ன காட்டுது?"

"பூஜ்யம்."

"தண்ணியில சர்க்கரை இல்லன்னு கண்டுபிடிக்க ஒரு மெஷினா?"

அதற்குப் பிறகு பழம் பறிக்கும் வேலை அப்படியே நின்றுபோனது. வீட்டில் இருக்கும் திரவம் எல்லாம் வரிசையாக வர ஆரம்பித்தது. ஆரஞ்சுச் சாறு 11ஐத் தாண்டியது, எல்லோருக்கும் திருப்தி. தர்பூசணி 8. சரி என்றார்கள். அடுத்து எலுமிச்சைச் சாறு. அதுவும் 8.

வீடு இரண்டாகப் பிரிந்தது. மெஷின் கெட்டுவிட்டது என்று ஒரு கட்சி, எனக்குப் பார்க்கத் தெரியவில்லை என்று இன்னொரு கட்சி. உண்மையில் கருவி சரியாகத்தான் சொன்னது. அதற்குச் சர்க்கரையைத் தெரியாது, ஒளி எவ்வளவு வளைகிறது என்பது மட்டும்தான் தெரியும். சுத்தத் தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.333. அதில் எதைக் கரைத்தாலும் இந்த எண் மாறும், பெரும்பாலும் ஏறும். தர்பூசணியில் கரைந்திருப்பது முக்கால்வாசிக்கும் மேல் சர்க்கரை. எலுமிச்சையில் பெரும்பகுதி சிட்ரிக் அமிலம். ஏறக்குறைய ஒரே அளவுக்கு வளைப்பதால் இரண்டுக்கும் ஒரே மார்க். பழச்சாறுக்கான சர்வதேசத் தர அளவுகளிலும் எலுமிச்சைக்கும் தர்பூசணிக்கும் 8 என்றுதான் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். யார் கேட்டார்கள்?

கேட்டது அக்கா மகள் மட்டும்தான். அவள் கேட்டிருக்கவே வேண்டாம். பத்துக்கு ஒரு பங்கு உப்பைப் போட்டுக் கலக்கிய தண்ணீரைப் பிரிசத்தில் விட்டாள். கோடு 12க்குப் பக்கத்தில் போய் நின்றது. கிளாஸை எடுத்துக்கொண்டு நேராகத் தன் அப்பாவிடம் போனாள்.

"அப்பா, இது ஆரஞ்சு ஜூஸைவிட இனிப்பு. மெஷினே சொல்லுது, நீங்களே பாருங்க."

மாமா பார்த்தார். எண்ணைப் பார்த்த நம்பிக்கையில் ஒரே மடக்காகக் குடித்தார். அதன் பிறகு அவர் அந்தக் கருவியைத் தொடுவதில்லை.

தேன் விஷயத்தில் நடந்தது குடும்பத் தகராறு. அத்தை அன்பாகக் கொண்டுவந்து கொடுத்த தேன். ஒரு துளி வைத்துப் பார்த்தால் நீலமும் இல்லை, கோடும் இல்லை, முழுக்க வெள்ளை. "அப்ப இது தேனே இல்லையா?" என்று அம்மா, அத்தை இருக்கும்போதே கேட்டுவிட்டார். என் கருவி 0 முதல் 32 வரை அளப்பது. தேன் 80ஐ ஒட்டி இருக்கும். கோடு அளவுகோலைத் தாண்டி எங்கேயோ மேலே போய்விட்டது. தேனுக்கென்றே 58இல் தொடங்கும் தனி மாடல் உண்டு. அதுவும் தேனில் எவ்வளவு தண்ணீர் என்றுதான் சொல்லும்; அதே கெட்டியில் சர்க்கரைப் பாகைக் காய்ச்சி ஊற்றினால் அதையும் சிரித்த முகத்தோடு பாஸ் போட்டுவிடும். இதில் முதல் பாதியைச் சொல்லும்வரை அத்தை முகம் மலர்ந்திருந்தது. இரண்டாம் பாதியைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பக்கத்து வீட்டு அண்ணனுக்கு வேறு யோசனை. "தம்பி, ஒரு சொட்டு ரத்தம் விட்டா சுகர் தெரியுமா?" தெரியாது அண்ணா என்றேன். 100 மில்லி ரத்தத்தில் 100 மில்லிகிராம் குளுக்கோஸ் என்றால் அது வெறும் 0.1 சதவீதம். இந்த அளவுகோலின் மிகச் சிறிய கோடே 0.2. போதாக்குறைக்கு ரத்தத்தில் இருக்கும் புரதம் வேறு ஒளியை வளைக்கும். புரதம் வளைப்பதால் ஒரு நன்மையும் உண்டு: மாட்டுப் பண்ணைகளில் சீம்பாலை இதே கருவியில் விட்டு, 22க்குக் குறையாமல் வந்தால் நோய் எதிர்ப்புப் புரதம் கன்றுக்குப் போதுமான அளவு இருக்கிறது என்று கணிக்கிறார்கள். அண்ணன் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப சுகர் தெரியாது?" என்றார்.

இதற்கிடையில் அம்மா கருவியைப் பாத்திரங்களோடு சேர்த்துக் கழுவப் பார்த்தார். உள்ளே நீர் புகுந்தால் வில்லை பனி மூடிவிடும், ஈரத் துணியால் பிரிசத்தை மட்டும் மென்மையாகத் துடைத்தால் போதும் என்று காப்பாற்றினேன். "இவ்வளவு நாசூக்கா?" என்றவர், அதைத் துடைத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். ஏதோ நடக்கப்போகிறது என்று அப்போதே தெரிந்தது.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய். பால் சேர்க்காத, சர்க்கரை போடாத காபிதான் குடிக்கிறேன் என்பது அவருடைய நெடுநாள் வாக்குமூலம். அன்று மாலை அவர் கப்பிலிருந்து அம்மா டிராப்பரால் இரண்டே சொட்டு எடுத்தார். கோடு 8க்குக் கொஞ்சம் கீழே.

"ஏங்க, இது என்ன?"

அப்பா அசரவில்லை. "எலுமிச்சைக்கும் எட்டுதானே வந்துச்சு? அதுல என்ன சர்க்கரையா இருக்கு? உன் பிள்ளையே சொன்னான், இதுக்குச் சர்க்கரை எதுன்னே தெரியாதுன்னு."

நான் சொன்னதுதான். இந்த வீட்டில் என் விளக்கத்தை ஒருவர் கவனமாகக் கேட்டிருக்கிறார் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

அம்மா பேசாமல் உள்ளே போய், அதே காபியைச் சர்க்கரை போடாமல் ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து அளந்தார். ஒன்றரை. காபியில் கரைந்திருப்பதற்கு அவ்வளவுதான் வரும்.

"மீதி ஆறு எங்கேயிருந்து வந்துச்சு?"

"சூடா இருக்கு. சூட்டுல அளந்தா தப்பா காட்டும்."

இதுவும் நான் சொன்னதுதான். கருவி 20 டிகிரி செல்சியஸுக்கு அளவு குறிக்கப்பட்டது. தானாகச் சூட்டைச் சரிசெய்துகொள்ளும் மாடல்களும் 10 முதல் 30 டிகிரிக்குள்தான் நம்பகமானவை. நியாயமான ஆட்சேபணை என்பதால் ஆறட்டும் என்று தள்ளிவைத்தோம். அம்மா அடுப்பைப் பார்க்கப் போனார். திரும்பி வந்தபோது கப் காலி. அப்பா செய்தித்தாளில் மூழ்கியிருந்தார்.

அம்மா கப்பைச் சாய்த்தார். அடியில் தங்கியிருந்த காபி இரண்டு சொட்டு தேறியது. பிரிசத்தில் விட்டு, மூடி, ஜன்னலைப் பார்த்துக் கண்ணை வைத்தார்.

"ஒம்போதைத் தாண்டுது."

அப்பா செய்தித்தாளை மடக்கினார். "அது எப்படிச் சரியாகும்? கடைசிச் சொட்டுலதான் கரையாத சர்க்கரை எல்லாம் வந்து தங்கும். அதை வெச்சு மொத்தக் காபியையும் தீர்மானிக்கலாமா?"

"எந்தச் சர்க்கரை?" என்று கேட்டார் அம்மா.