கேஸ் பில்லிலிருந்து கரியமில வாயுக் கணக்கு வரை

நியூயார்க் நகரில் 25,000 சதுர அடியைத் தாண்டிய கட்டடங்களில் பெரும்பாலானவை தாங்கள் வெளியேற்றும் கரியமில வாயுவுக்கு ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். 2019-இல் நிறைவேறிய 97-ஆம் எண் உள்ளூர்ச் சட்டம் அது. வரம்பை மீறினால் டன்னுக்கு 268 டாலர் அபராதம். 2024-க்கான முதல் அறிக்கைக்கு 2025 மே 1 கெடு. குயின்ஸில் நான் பராமரிப்புப் பார்க்கும் அலுவலகக் கட்டடத்துக்கு இந்த வேலை என் பொறுப்பில் வந்தது. மின்சாரப் பகுதி சீக்கிரம் முடிந்துவிட்டது, குழாயில் வரும் எரிவாயுவான கேஸ்தான் இழுத்தது. இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் மீட்டர்கள். பாய்லருக்கான மீட்டர் கட்டட உரிமையாளர் பெயரில் இருந்தது. தரைத்தளத்து உணவகத்துக்கோ தனி மீட்டர், தனிக் கணக்கு. பில் கட்டுவது அவர்கள்தான், ஆனால் சட்டப்படி அந்தப் புகையும் கட்டடத்தின் கணக்கில்தான் சேரும். பில்லைக் கேட்டபோது உணவக மேலாளர் தயங்கினார். வியாபாரம் எவ்வளவு நடக்கிறது என்று அதில் தெரிந்துவிடுமே, நியாயம்தான். கட்டடம் முழுவதற்குமான மொத்தப் பயன்பாட்டை கேஸ் நிறுவனத்திடமே கேட்டு வாங்க முடியும் என்று பிறகு தெரிந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இலவசமாகத் தரும், கட்டடங்களின் எரிசக்திப் பயன்பாட்டைப் பதியும் போர்ட்ஃபோலியோ மேனேஜர் என்ற மென்பொருளில் உள்ள கட்டடக் கணக்கில் அது நேராக ஏறிவிடும். யாருடைய பில்லையும் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை.

அடுத்தது அலகு. மீட்டர் அளப்பது கன அடியை. பில் கேட்பது தெர்முக்கு. ஒரு தெர்ம் என்றால் 1,00,000 பிடியு (வெப்பத்தை அளக்கும் பிரிட்டிஷ் அலகு) வெப்பம். ஒரே அளவு கேஸிலும் வெப்பம் கொஞ்சம் ஏறி இறங்கும், அதைச் சரிசெய்யும் பெருக்கெண் பில்லிலேயே இருக்கிறது. அதனால் தெர்மை மட்டும் எடுங்கள். சட்டம் தரும் காரணியின்படி (பயன்பாட்டைக் கரியமில வாயுவாக மாற்றும் எண்) ஒரு தெர்முக்கு சுமார் 5.3 கிலோ கரியமில வாயு, ஆயிரம் தெர்ம் எரித்தால் 5.3 டன். பெருக்கல் அவ்வளவுதான்.

தேதிகள்தான் படுத்தும். பில் மாதம் காலண்டர் மாதத்தோடு ஒத்துப்போகாது. டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி நடுவில் முடியும் பில்லை மென்பொருள் நாள்கணக்கில் பிரித்துக்கொள்ளும். அந்த பில்லில் இருப்பது நேரில் பார்த்து எடுத்த அளவா, உத்தேச அளவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டின் கடைசி நாள் மீட்டரைப் படம் எடுத்து வைப்பது மிகவும் நல்லது.

மாதவாரியாக வரைந்து பார்த்தபோதுதான் இந்த உழைப்புக்குப் பலன் கிடைத்தது. ஜூலையில் அறைகளைச் சூடாக்கும் வேலையே இல்லை, ஆனாலும் பாய்லர் மீட்டர் ஓடியிருக்கிறது. கைகழுவும் வெந்நீருக்காக மட்டும் அந்தப் பெரிய பாய்லர் கோடை முழுதும் கொதித்துக்கொண்டே நின்றிருக்கிறது! சின்ன மின் ஹீட் பம்ப் (சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை எடுத்து நீரைச் சூடாக்கும் கருவி) போதும் என்று எழுதிக் கொடுத்தேன். உரிமையாளர் முதலில் அசைந்து கொடுக்கவில்லை. 2030-க்கான எண்களைக் காட்டியதும் உட்கார்ந்து கேட்டார்.

அந்த எண்கள் இவை. அலுவலகங்களுக்கான வரம்பு சதுர அடிக்கு 0.00758 டன்னிலிருந்து 0.00269 டன்னாகக் குறைகிறது. ஒரு லட்சம் சதுர அடி என்றால் 758 டன் இருந்த இடத்தில் 269 டன்தான். மின்சாரத்தின் காரணி யூனிட்டுக்கு 0.000289 டன்னிலிருந்து 0.000145-ஆக, அதாவது பாதியாக இறங்குகிறது. கேஸுக்கு அப்படி இறக்கம் கிடையாது. எரித்தால் வருவது வந்தே தீரும். அந்த அளவுள்ள கட்டடம் ஆண்டுக்கு 40,000 தெர்ம் எரித்தால் அதிலேயே 212 டன் போய்விடும். விளக்குக்கும் லிஃப்ட்டுக்கும் என்ன மிஞ்சும்?

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இது கட்டடத்தில் எரிந்த கேஸின் கணக்கு மட்டுமே. குழாயில் கசியும் மீத்தேன், நூறாண்டு அளவில் கரியமில வாயுவைவிட சுமார் 28 மடங்கு வெப்பமூட்டுவது, இதில் வருவதில்லை. வர வேண்டும் என்பதே என் எண்ணம்.

அறிக்கையில் பதிவுபெற்ற பொறியாளரோ கட்டடக் கலைஞரோ ஒப்பமிட வேண்டும். ஜனவரியிலேயே ஒருவரைப் பிடித்துவிடுங்கள். ஏப்ரலில் யாரும் கிடைப்பது கஷ்டம். எங்கள் பொறியாளர் பில்களுக்கு முன்பாகக் கேட்டது மொத்தப் பரப்பளவுக்கான ஆதாரத்தைத்தான். வரம்பே அதை வைத்துத்தான் வருகிறது என்பதால் வரைபடத்தை முதலில் தேடி எடுத்து வையுங்கள்.