டிஷ் மேலே பார்க்கிறது, டவர் பக்கத்தில் நிற்கிறது

"மத்தியானமெல்லாம் படம் பளிச்சுனு இருக்குதுங்ணா, ராத்திரி சீரியல் நேரத்துல மட்டும் உறைஞ்சு நிக்குது." கேபிள் கண்ட்ரோல் ரூம்காரர் யாராவது இப்படி போன் செய்தால், முன்பெல்லாம் ஏசி ஓடுகிறதா, யுபிஎஸ் சரியாக இருக்கிறதா என்றுதான் கேட்பேன். இப்போது முதல் கேள்வியே வேறு: பக்கத்தில் புதிதாக 5ஜி டவர் வந்திருக்கிறதா?

2022 ஆகஸ்ட் முதல் தேதி முடிந்த ஏலத்தில் மொபைல் கம்பெனிகளுக்கு 3300 முதல் 3670 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள அலைவரிசையை விற்றார்கள். அக்டோபர் 1 அன்று 5ஜி சேவை தொடங்கியது. நம் ஊர் கண்ட்ரோல் ரூம்களின் மொட்டை மாடியில் இருக்கும் பெரிய டிஷ்கள் சேனல்களை வாங்குவது சி பேண்டில், 3700 முதல் 4200 வரை. இரண்டுக்கும் நடுவே 30 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி. ஹாங்காங்கில் 2020 ஏப்ரலில் இதே மாதிரி சி பேண்டைப் பிரித்தபோது 3600 வரை மொபைலுக்குக் கொடுத்து, 3700 வரை 100 மெகாஹெர்ட்ஸைக் காலியாக விட்டார்கள். தாய் போ, ஸ்டான்லி என்ற இரண்டு இடங்களில் செயற்கைக்கோள் நிலையங்களைச் சுற்றி டவர் வைக்கக் கட்டுப்பாடும் போட்டார்கள். அமெரிக்காவில் இடைவெளி வெறும் 20தான். ஆனால் அங்கே செயற்கைக்கோள் கம்பெனிகள் பேண்டுக்குள் இடம் மாறுவதற்கும், டிஷ்களில் 5ஜியைத் தடுக்கும் ஃபில்டர் மாட்டுவதற்கும் ஆகிற செலவை ஏலம் எடுத்தவர்கள் தலையில் கட்டிவிட்டார்கள். நான் வேலைக்குப் போன இடங்களில் எல்லாம் ஃபில்டர் வாங்கியது கேபிள்காரர் சொந்தக் காசில்.

30 மெகாஹெர்ட்ஸ் இடைவெளிதான் இருக்கிறதே, அப்புறம் என்ன பிரச்சினை என்று கேட்கலாம். அந்த இடைவெளி எல்என்பிக்கு, அதாவது டிஷ்ஷின் முனையில் சிக்னலை வாங்கிப் பெருக்கிக் கேபிளில் அனுப்பும் கருவிக்கு, தெரியாது. கடையில் வாங்கும் சாதாரண சி பேண்ட் எல்என்பி 3400 முதல் 4200 வரை வருகிற எல்லாவற்றையும் உள்ளே விட்டு, 60 டெசிபெல்லுக்கு மேல் (ஒவ்வொரு 10 டெசிபெல்லும் பத்து மடங்கு) பெருக்கும். ஒரு கணக்கு போட்டால் விஷயம் புரிந்துவிடும். செயற்கைக்கோள் 36,000 கிலோமீட்டருக்கு மேலே இருக்கிறது. டவர் 300 மீட்டரில். தூரத்தில் ஒரு லட்சத்து இருபதாயிரம் மடங்கு வித்தியாசம். சிக்னல் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைவதால், அதில் 100 டெசிபெல்லுக்கு மேல் வித்தியாசம். பன்னிரண்டு அடி டிஷ், நேராக வருவதோடு ஒப்பிட்டால் பக்கவாட்டில் வருவதை 50 டெசிபெல் அளவுக்கு அடக்கும். அப்படியும் டவர் 50 டெசிபெல் முன்னால் நிற்கிறது, அதாவது ஒரு லட்சம் மடங்கு. நமக்கு ஒரு சின்ன அதிர்ஷ்டம், நம் டிஷ்கள் கிட்டத்தட்ட வானத்தை அண்ணாந்து பார்க்கின்றன. ஈரோட்டிலிருந்து 66 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேலே உள்ள இன்டெல்சாட் 17 செயற்கைக்கோளைப் பார்த்தால் ஏற்றக் கோணம் 71 டிகிரி வருகிறது. லண்டனில் டிவி டிஷ்கள் 30 டிகிரிக்கும் கீழே, ஏறக்குறைய பக்கத்து வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஈரோடு பக்கம் போன ஒரு வேலையைச் சொல்கிறேன். மாடியில் நாலைந்து டிஷ், தெருவுக்கு எதிர்ச் சாரியில் புது டவர். பார்த்தவுடனே கண்ட்ரோல் ரூம்காரர் டவரைக் காட்டி, "அதுதானுங்ணா திருடன்" என்றார். இருக்கலாம். ஆனால் துருப்பிடித்த எஃப் கனெக்டர், தண்ணீர் இறங்கிய கேபிள், மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சூரியன் டிஷ்ஷுக்கு நேராக வந்து பகலில் சில நிமிடம் சேனலை விழுங்குவது எல்லாம் டவர் வருவதற்கு முன்பே இருந்த திருடர்கள். அவற்றை முதலில் தள்ளிவிட வேண்டும். நேரம் ஒரு நல்ல துப்பு. சூரியன் வந்தால் தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், ஒருசில நாட்களுக்கு மட்டும் படம் போகும். மழைத்தண்ணீர் என்றால் நேரம் காலமே கிடையாது. ஊரே கையில் போனோடு உட்காரும் எட்டு மணி முதல் பதினொரு மணி வரை மட்டும் போனால் சந்தேகம் டவர் மேல் விழும்.

எந்த அலைவரிசையில் எவ்வளவு சிக்னல் என்று திரையில் காட்டும் அனலைசரை மாட்டும் முன், நேர்மின்சாரத்தைத் தடுக்கும் டிசி பிளாக் போட்டேன். எல்என்பிக்குப் போகும் 18 வோல்ட் அனலைசருக்குள் ஏறினால் அதன் முன்முனை அத்தோடு போய்விடும். சி பேண்ட் எல்என்பி, வருகிற அலைவரிசையை 5150 மெகாஹெர்ட்ஸிலிருந்து கழித்துத் தருவதால் திரையில் எல்லாம் தலைகீழ். 4200 இடது ஓரம் 950ல் இருக்கும், 3700 நடுவே 1450ல் வரும், 5ஜி அதற்கும் வலப்பக்கம் 1480ல் தொடங்கும். அன்று திரையில் சேனல்களின் மேடுகள் வரிசையாக இருந்தன, வலப்பக்கம் அவற்றைவிட 30 டெசிபெல் உயரத்தில் ஒரு மதில் சுவர். சாதாரணமாக ஓடவிட்டால் அந்தச் சுவர் பல் போன சீப்பு மாதிரி துண்டு துண்டாகத் தெரியும். ஏனென்றால் 5ஜி டவர் ஒரே அலைவரிசையில் கொஞ்ச நேரம் பேசி, கொஞ்ச நேரம் கேட்கிறது. உச்ச அளவைப் பிடித்து வைக்கும் மேக்ஸ் ஹோல்டில் ஒரு நிமிடம் விட்டால்தான் முழுச் சுவரும் எழும்.

சுவர் தெரிந்தால் போதும், குற்றவாளி கிடைத்தாயிற்று என்று பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அது போதாது. டவர் இரண்டு விதமாகக் கெடுக்கலாம், இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ஒன்று, பக்கத்து பேண்டிலிருந்து வரும் பலத்த சிக்னல் எல்என்பியைத் திணறடிப்பது. இன்னொன்று, டவரின் சிக்னல் தன் எல்லையைத் தாண்டி நம் 3700க்கு மேல் கசிவது. முதலாவதுக்கு நம் டிஷ்ஷில் ஃபில்டர் போட்டால் தீரும். இரண்டாவதுக்கு டிஷ்ஷில் என்ன போட்டாலும் தீராது, ஏனென்றால் அந்தக் கசிவு நம் பேண்டுக்குள்ளேயே இருக்கிறது. சரிசெய்ய வேண்டியது டவர் பக்கம்.

இரண்டையும் பிரிக்க நான் பார்ப்பது சேனல் மேட்டின் தலையை. சுவர் உயரும்போது மேட்டின் உச்சியும் இறங்கி, தரையும் (மேடுகளுக்கு அடியில் இருக்கும் இரைச்சல் மட்டம்) ஏறினால் எல்என்பி திணறுகிறது. உச்சி அசையாமல் தரை மட்டும் ஏறினால் கசிவு. அப்புறம் இரண்டு சேனல்களுக்கு நடுவே இருக்கும் காலி இடத்தில் அனலைசரை ஜீரோ ஸ்பேனில், அதாவது ஒரே அலைவரிசை நேரத்தோடு எப்படி மாறுகிறது என்று காட்டும்படி, நிறுத்திப் பார்ப்பேன். வெறும் இரைச்சலாக இருக்க வேண்டிய இடம் டவரின் அதே தாளத்தில், 10 மில்லி செகண்ட் சட்டகத்துக்குள் ஏறி இறங்கினால் அது கனெக்டர் கோளாறு இல்லை.

அன்று சி/என், அதாவது சிக்னல் இரைச்சலைவிட எத்தனை டெசிபெல் மேலே நிற்கிறது என்ற அளவு, பகலில் 12 இருந்தது, ராத்திரி 7க்கு வந்தது. அதனால்தான் சில சேனல் போய், சில சேனல் தாக்குப்பிடித்தது. 8பிஎஸ்கே 3/4 என்ற, தகவலை நெருக்கி அனுப்பும் முறையில் வரும் சேனலுக்கு 8 டெசிபெல் அளவு வேண்டும். அவ்வளவு நெருக்காத கியூபிஎஸ்கே 3/4 ஆக இருந்தால் அதைவிடக் குறைவே போதும். சில சேனல் மட்டும் போனதால் கண்ட்ரோல் ரூம்காரர் சேனல்காரர்களையும் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

முடிவான சோதனை ஒன்றுதான், டவரில் நம் பக்கம் பார்க்கும் செக்டரை (அந்தத் திசைக்கான ஆன்டெனாவை) ஐந்து நிமிடம் அணைத்துப் பார்ப்பது. கேட்டால் சுலபத்தில் கிடைக்காது. பலமுறை போன் செய்த பிறகு அந்த மொபைல் கம்பெனியிலிருந்து ஒரு பையன் வந்தான். "சார், அலார்ம் வரும், மேலே கேட்பாங்க" என்று தயங்கினான். திரையைக் காட்டியதும் அவனுக்கே ஆர்வம் வந்துவிட்டது. அணைத்தார்கள். சுவர் விழுந்தது, மேடுகள் தலை நிமிர்ந்தன, சி/என் மறுபடி 12. போட்டதும் பழையபடி 7. அந்த இரண்டு படத்தையும் நேரத்தோடு சேமித்துக்கொண்டேன். டவர்காரர்களிடம் இதற்கு மேல் வாதாட வேண்டியதில்லை.

ஃபில்டர் என்பது, டிஷ் குவிக்கும் சிக்னலை வாங்கும் ஃபீட் ஹார்னுக்கும் எல்என்பிக்கும் நடுவே மாட்டும் அலுமினியக் குழாய்த் துண்டு. இரண்டு பக்கமும் கேஸ்கெட் சரியாக உட்கார வேண்டும், இல்லையென்றால் முதல் மழையிலேயே உள்ளே தண்ணீர். அதுவும் இலவசமாக வேலை செய்யாது. அரை டெசிபெல் இழப்பு உள்ள ஃபில்டர், வெயிலில் காயும் உலோகம் என்பதால் 35 கெல்வின் அளவு இரைச்சலைச் சேர்க்கும் (இரைச்சலை வெப்ப அளவில் சொல்வது எங்கள் வழக்கம்). எல்என்பியின் மேல் 15 கெல்வின் என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பெருமைப்பட்டவர்களுக்கு இது கசக்கும். ஃபில்டர் மாட்டியபின் சி/என் 10க்கு மேல் போகவில்லை, ஆனால் ராத்திரியும் அதே 10.

சந்தையில் '5ஜி எல்என்பி' என்று ஸ்டிக்கர் ஒட்டி மலிவாக விற்கிறார்கள். நான் பிரித்துப் பார்த்தவற்றில் ஃபில்டர் முதல் டிரான்சிஸ்டருக்குப் பின்னால் இருந்தது. திணறுவதே அந்த முதல் டிரான்சிஸ்டர்தான். டவர் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் அது போதும், எதிர்ச் சாரியில் இருந்தால் போதாது.

மற்ற டிஷ்கள் எல்லாம் சரியாகிவிட்டன, கிழக்கே 100.5 டிகிரியில் உள்ள செயற்கைக்கோளைப் பார்க்கும் ஒன்று மட்டும் அடம் பிடித்தது. ஃபில்டர் மாட்டியபின் சுவர் காணாமல் போனது, ஆனால் தரை இன்னும் அதே தாளத்தில் ஏறி இறங்கியது. அது கசிவு. படங்களோடு மொபைல் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தோம். அவர்கள் ஆன்டெனாவின் சாய்வை மாற்றிப் பார்ப்பதாகச் சொன்னார்கள். அதற்குள் டிஷ்ஷை மாடிப்படி அறையின் மறுபக்கம் இறக்கி, செங்கல் சுவர் டவரை மறைக்கும்படி வைத்து மறுபடி அலைன் செய்தோம். 3 டெசிபெல் திரும்பக் கிடைத்தது, இப்போதைக்கு அதில்தான் ஓடுகிறது.