செவலைப் பெட்டையின் ஜூலை மாதம்

ஜூலை 6

செவலை வந்து ஒரு வாரம் ஆகப் போகிறது. மார்வாரி இனத்துப் பெட்டைக் குதிரை. இப்போதைக்கு சேணமும் இல்லை, ஏற்றமும் இல்லை. தரையில் நின்று கயிற்றில் பழக்குவது மட்டும்தான்.

களக்காட்டு மலையிலிருந்து காற்று அள்ளிக்கொண்டு வருகிறது. வரப்புப் பனைகளில் காவோலை சடசடக்கிறது. இப்படிப்பட்ட நாளில் எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று குதிரைக்குப் பிடிபடாது, மிரண்டுகொண்டே இருக்கும். கொஞ்ச தூரம் நடத்திக் கூட்டி வந்ததோடு சரி.

ஜூலை 8

காற்று தணிந்தது. கயிற்றில் வட்டமாக விட்டேன். பக்கத்து வயல்காரர் வேலியோரம் நின்று, "அண்ணாச்சி, காதைப் பின்னால வச்சிருக்கு, கடிச்சிராம பாத்துக்கிடுங்க" என்றார்.

பின்னால் திரும்பிய காது வேறு, பிடரியோடு ஒட்டிப் படுத்த காது வேறு. கோபத்தில் காது ஒட்டினால் மூக்குத்துளை சுருங்கும், வாய் இறுகும், கழுத்து நீண்டு வரும். அப்போது தள்ளி நிற்க வேண்டியதுதான். செவலைக்கு வாய் தளர்ந்திருந்தது, வால் நடைக்கேற்ப ஆடியது. வட்டத்தின் நடுவில் நின்ற என்னை ஒட்டிய உள்பக்கக் காது மட்டும் என் பக்கம் திரும்பியிருந்தது. போதாக்குறைக்கு மார்வாரிக்கு நுனி வளைந்த காது, தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு எளிதில் பிடிபடாது. அது எனக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

ஜூலை 11

உரச்சாக்கு ஒன்றைப் பிரித்துத் தரையில் விரித்தேன். நாலடி தள்ளியே நின்றுவிட்டது. தலை உயர்ந்தது, மூக்குத்துளை விரிந்தது. கண்ணுக்கு மேலே தோல் மடிந்து கோணலாக ஏறியது, இமைப்பதே நின்றுபோனது. கயிற்றைத் தொய்ய விட்டு நானும் நின்றேன். வயிறு ஒருதரம் பெரிதாக மூச்சுவிட்டது. இமை கொட்டியது. கழுத்து மெல்ல இறங்கியது. அப்புறம் நாக்கை வெளியே நீட்டி வாயைச் சப்புக்கொட்டி மென்றது.

இந்தச் சப்புதலைப் பார்த்தால் "சரின்னு ஒத்துக்கிடுச்சு" என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. பதற்றத்தில் வாய் காய்கிறது, பதற்றம் இறங்கும்போது எச்சில் ஊறுகிறது. 2018-இல் ஈக்வடாரில் காட்டில் திரியும் குதிரைகளைக் கவனித்தவர்களும், பதற்றம் இறங்கித் தளர்கிற நேரத்தில் வருவது இது, பணிவின் அடையாளம் அல்ல என்றுதான் கண்டார்கள். அப்படியானால், தினமும் சப்பவைக்கிற பயிற்சி தினமும் பயமுறுத்துகிற பயிற்சி. குதிரைக்குச் சப்பத் தேவையே வராத பயிற்சிதான் எனக்கு வேண்டும். நாளையிலிருந்து சாக்கு இன்னும் தள்ளிக் கிடக்கும்.

ஜூலை 12

சாரல். பயிற்சி இல்லை. பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் சொறிந்து கொடுத்தேன்; அந்த இடத்தில் சொறிந்தால் குதிரைக்கு இதயத் துடிப்பு குறைகிறது என்று 1993-லேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். மேலுதடு நீண்டு துடித்தது.

பழைய காயலில் கப்பலில் குதிரை வந்திறங்கிய சீமை இது. வந்த குதிரைகள் பராமரிக்கத் தெரியாத கைகளில் மாண்டுபோகின்றன என்று மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். எழுநூறு வருஷம் ஆகியும் அந்த வரி எனக்குச் சுடுகிறது.

ஜூலை 16

அம்மன் கோயில் கொடைத் திருவிழா. நையாண்டி மேளம் வயல்வரை கேட்டது. செவலை தலையைத் தூக்கி, இரண்டு காதையும் கோயில் பக்கம் நிறுத்தி, அசையாமல் நின்றது. நான் அதனிடம் எந்த வேலையும் கேட்கவில்லை. நன்றாகப் பார்க்கட்டும் என்று விட்டேன். வெகுநேரம் கழித்து ஒரு காது என் பக்கம் திரும்பியது. அப்புறம்தான் கயிற்றை அசைத்தேன். நடை மட்டும், கொஞ்ச நேரம். வாயைச் சப்பவே இல்லை.

கொடை முடிகிறவரை பயிற்சி விடிகாலையில்.