மணல் நடக்கும் ஊர்: ஒரு நாவல் எழுதிய நாட்குறிப்பு

2023 ஜூலை 23, ஞாயிறு

ஆடிக் காற்று ஆரம்பித்துவிட்டது. ஆராதனை முடிந்து பெரியப்பாவோடு குதிரைமொழித் தேரிக்குப் போனேன். சின்ன வயதில் எத்தனையோ தடவை பார்த்த செம்மணல்தான். ஆனாலும் இன்று வேறு கண்ணோடு பார்த்தேன். காற்று மணலைக் கணுக்கால் உயரத்துக்குத் தூக்கித் தூக்கி நகர்த்திக்கொண்டே இருந்தது. "போன வருசம் இந்த மேடு அந்தக் கொல்லாமரத்துக்கு அந்தப் பக்கம் கெடந்துச்சு தாயி. இப்ப இங்க வந்துட்டு" என்றார் பெரியப்பா. நாற்பது வருடம் பனையேறியவர். தேரியின் ஒவ்வொரு மேடும் அவருக்குப் பழக்கம்.

போன வாரம் ஞாயிறு பள்ளியில் பெரிய பிள்ளைகள் வகுப்பில் ஒருத்தி கேட்ட கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. பனி கொட்டும் காடு, கோட்டை, குதிரை வீரர்கள் என்று ஒரு ஆங்கிலக் கதை படித்திருக்கிறாள். "அக்கா, இதெல்லாம் நம்ம ஊர்ல நடக்காதா?" பனியையே பார்த்திராத பிள்ளை. நடக்கும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும்.

இரவில் மணல்மேடுகள் எழுந்து நடக்கிற ஒரு ஊர். அங்கே பனையேறியின் மகள் ஒருத்தி. பதினாலு வயது. பெயர் தாழை. இவ்வளவுதான் இன்றைக்கு.

2023 செப்டம்பர் 2

விடிகாலை நாலரைக்கு எழுந்து, ஜெபம் முடித்து, ஆறு மணி வரை எழுதுகிறேன். அதற்குப் பிறகு அடுப்பும் பள்ளிக்கூடமும் வந்துவிடும். லாங் சைஸ் நோட்டில் ஒரு நாளைக்கு மூன்று பக்கம். அத்தான் சத்தம் போடாமல் எழுந்து கட்டங்காப்பி போட்டு மேஜையில் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

இந்த உலகத்தில் அற்புதம் எப்படி நடக்கும் என்பதில் இரண்டு வாரமாக முட்டி நின்றேன். மந்திரம் சொல்லிச் சாதிக்கிற கதை எனக்கு வேண்டாம். ஒரு பிள்ளை நல்ல வார்த்தைகளை மனப்பாடம் செய்தால் வல்லமை கைக்கு வரும் என்று எழுத என் விசுவாசம் இடம் தராது. விடை பெரியப்பா வீட்டுத் திண்ணையில் கிடைத்தது. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பதநீர். தடவாமல் கட்டினால் கள். ஒரே மரம், ஒரே பாளை, சொட்டுவதும் ஒன்றுதான். வித்தியாசம் கலயத்தில் இருக்கிறது.

தாழையின் ஊரில் தேரிக்குள் ஒரு சுனை உண்டு. அதன் தண்ணீரை யாரும் எடுக்க முடியாது. அது கொடுக்கப்பட வேண்டும். கொடுக்கப்பட்ட தண்ணீரும் சுத்தமில்லாத கலயத்தில் புளித்து ஆளை மயக்கும். மணலை நடக்க வைத்தது அப்படிப் புளித்த தண்ணீர்தான். இதை எழுதியதும் கதை தானாக ஓட ஆரம்பித்தது. இன்றைக்கு மட்டும் ஏழு பக்கம்.

2023 அக்டோபர் 14

வாலிபர் கூட்டத்தில் முதல் அத்தியாயத்தை வாசித்தேன். கூட்டம் முடிந்ததும் எங்கள் சபைப் போதகர் ஐயர் தனியே கூப்பிட்டார்கள். கோபம் இல்லை, கவலைதான். "உபாகமம் பதினெட்டைப் படிச்சியாம்மா? குறிசொல்லுகிறவன், சூனியக்காரன் இதெல்லாம் நமக்கு ஆகாதுன்னு இருக்கே. பிள்ளைகளுக்குப் போய் இதைக் கொடுக்கணுமா?"

இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ராத்திரி முழுக்க வேதாகமத்தோடு உட்கார்ந்தேன். நியாயாதிபதிகள் 9-இல் யோத்தாம் மலையுச்சியில் நின்று ஒரு கதை சொல்கிறான். மரங்கள் தங்களுக்கு ராஜாவைத் தேடிப் போகின்றன. ஒலிவமரம் மாட்டேன் என்கிறது, அத்திமரம் மாட்டேன் என்கிறது, திராட்சச்செடியும் மாட்டேன் என்கிறது. கடைசியில் முட்செடி சம்மதிக்கிறது. பேசுகிற மரங்கள்! எண்ணாகமத்தில் பிலேயாமின் கழுதை வாய் திறக்கிறது. வெளிப்படுத்தின விசேஷத்தில் ஏழு தலையும் பத்துக் கொம்பும் உள்ள சிவப்பான வலுசர்ப்பம். யாத்திராகமம் 7-இல் ஆரோனின் கோல் சர்ப்பமாகிறது, எகிப்தின் மந்திரவாதிகளுடைய கோல்களும் சர்ப்பமாகின்றன. ஆரோனின் கோல் அவற்றை விழுங்குகிறது. வேதம் இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்து, எது எங்கிருந்து வந்தது என்று காட்டுகிறது. நானும் அதைத்தான் செய்யப் பார்க்கிறேன்.

காலையில் போய் இதையெல்லாம் சொன்னேன். "முழுசா எழுதி முடிச்சுக் கொண்டா, வாசிக்கிறேன்" என்றார்கள். அவர்கள் கேட்ட கேள்வியால் கதை இன்னும் திடமானது என்பதைப் பதிவு செய்கிறேன்.

2023 டிசம்பர் 24

இன்றுதான் பேனா எடுக்க முடிந்தது.

16-ஆம் தேதி கிறிஸ்துமஸ் வேலைக்கு ஏரலில் அம்மா வீட்டுக்குப் போனேன். நோட்டுகளையும் எடுத்துப் போயிருந்தேன். 17-ஆம் தேதி பெய்த மழை நின்றபாடில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் என்று பிறகு தெரிந்தது. தாமிரபரணி வீட்டுக்குள் வந்தபோது அம்மாவைத் தாங்கிக்கொண்டு எதிர்வீட்டு மாடிக்கு ஏறினோம். அங்கே இருபது பேருக்கு மேல். கரண்ட் இல்லை, போன் இல்லை. குடிக்கத் தண்ணீர் இல்லாமல் சுற்றிலும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். அந்த மாடியில் பேர் தெரியாத ஒரு அம்மா தன் பிள்ளையின் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து எல்லோருக்கும் ஒன்றொன்றாகக் கொடுத்தார்கள். அவர்கள் முகம் என் நாவலுக்குள் வரும்.

தண்ணீர் வடிந்த பிறகு அலமாரியின் கீழ்த்தட்டில் சேற்றுக்குள் நோட்டுகள். தாள் தாளாகப் பிரித்துக் கொடியில் துணிக் கிளிப் போட்டுக் காயவைத்தோம். பால்பாயிண்டில் எழுதியது அப்படியே நிற்கிறது. ஜெல் பேனாவில் எழுதிய 9 முதல் 12 வரை நான்கு அத்தியாயங்களும் நீல மேகமாகக் கரைந்துவிட்டன. ஒரு வரிகூடத் தேறவில்லை.

எத்தனையோ வீடுகளில் அடுப்பும் ஆடும் மாடும் போயிருக்கின்றன. காகிதத்துக்கு அழ வெட்கமாக இருந்தது. அழுதேன்.

2024 பிப்ரவரி 11

போன நான்கு அத்தியாயங்களைத் திரும்ப எழுதிவிட்டேன். பழையபடி வரவில்லை. முன்பு தாழைக்கு வறட்சி மட்டுமே பகை. அணையில்லாமல் வருகிற தண்ணீரும் பயங்கரமானது என்று இப்போது அவளுக்குத் தெரியும். இனி செல்போனில் டைப் செய்து தினமும் மின்னஞ்சலில் எனக்கே அனுப்பி வைக்கிறேன்.

மனம் சோர்ந்த இரவுகளில் இரட்சணிய யாத்திரிகத்தை எடுத்து வாசித்தேன். அதைப் பாடிய எச். ஏ. கிருஷ்ணபிள்ளை நம்ம பழைய திருநெல்வேலி ஜில்லாக்காரர். 1827-இல் பிறந்தவர், சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்தவர். ஜான் பனியன் என்ற ஆங்கிலேயரின் 'மோட்சப் பிரயாண'த்தை எடுத்துக்கொண்டு கம்பன் நடையில் 3,766 பாட்டு பாடிவிட்டார். பாளையங்கோட்டையின் 'நற்போதகம்' மாத இதழில் பதிமூன்று வருடம் தொடராக வந்து, 1894-இல்தான் புத்தகமானது. பதிமூன்று வருடம்! நான் ஏழு மாதத்தில் களைத்துப்போகிறேன்.

கிறிஸ்தவர்கள் கற்பனைக் கதை எழுதலாமா என்று இன்னும் கேட்கிறோம். நூற்றிமுப்பது வருடத்துக்கு முன்பே நம்ம ஊர்க்காரர் ஒருவர் இல்லாத தேசத்தில், இல்லாத பாதையில் ஒரு ஆத்துமாவை நடத்திக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறார். இது நமக்கு இரவல் சரக்கு இல்லை.

2024 மார்ச் 24, குருத்தோலை ஞாயிறு

முதல் வரைவு முடிந்தது. 31 அத்தியாயம். பவனி முடிந்து கையில் குருத்தோலையோடு வீட்டுக்கு வந்து கடைசிப் பத்தியை எழுதினேன். ஓலைச் சிலுவை நோட்டுக்குள் இருக்கிறது.

2024 மே 18

வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) முடிந்த பிறகு, அந்தக் கேள்வி கேட்ட பிள்ளையிடமே அச்செடுத்த தாள்களைக் கொடுத்திருந்தேன். ஐந்தே நாளில் திருப்பிக் கொண்டுவந்தாள். மணல் நடக்கிற இடத்தில் பயந்து லைட்டைப் போட்டுக்கொண்டு படித்தாளாம். கதையில் சுனைத் தண்ணீரைக் கொடுக்கிற சுனைக்காரர் யாரென்று கேட்டேன். "தெரியும்க்கா" என்று மட்டும் சொன்னாள். அவள் கண்ணிலேயே தெரிந்தது.

பிறகு தயங்கித் தயங்கி, "கடைசி அத்தியாயத்துல மட்டும் தாழை பேசலக்கா. நீங்க பேசுறீங்க."

31-ஆம் அத்தியாயத்தைத் திரும்பப் படித்தேன். சுனை என்றால் இன்னது, கலயம் என்றால் இன்னது என்று வசனத்தோடு விளக்கியிருந்தேன். எட்டுப் பக்கம். ஆத்திரப்பட்டு நீக்கக் கூடாதென்று நான்கு நாள் வைத்திருந்தேன். இன்று நீக்கிவிட்டேன். ஆண்டவரும் விதைக்கிறவன் உவமையை ஜனங்களுக்கு விளக்காமல்தான் சொன்னார். விளக்கம் பின்னால் வந்து கேட்டவர்களுக்கு. இப்போது கதை, தாழை கலயத்தைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிற இடத்தில் முடிகிறது.

2024 நவம்பர் 9

ஐயர் முழுவதையும் வாசித்து, ஓரத்தில் பென்சிலால் ஆறு இடங்களில் குறித்துத் தந்தார்கள். ஐந்தை ஏற்றுக்கொண்டேன்.

பதிப்பகங்களுக்கு அனுப்பியதில் இரண்டு பதில்கள் வந்தன. ஒரு கிறிஸ்தவப் பதிப்பகம்: நடை நன்றாக இருக்கிறது, ஆனால் மணல் நடப்பதும் சுனை பேசுவதும் விசுவாசிகளுக்கு இடறலாக இருக்கும், அவற்றை எடுத்துவிட்டு விசுவாச அனுபவம் சொல்லும் ஒரு சாட்சிக் கதையாக எழுதித் தர முடியுமா? சென்னையில் ஒரு பொதுப் பதிப்பகம்: மணலும் பனையும் அருமை, ஆனால் பக்தி வாடை தூக்கலாக இருக்கிறது, சுனைக்காரரை எடுத்துவிட்டால் பார்க்கலாம்.

ஒருவர் மணலை எடுக்கச் சொல்கிறார், இன்னொருவர் சுனையை. இரண்டையும் எடுத்தால் தாழை எங்கே நிற்பாள்? இரண்டு பேருக்கும் நன்றி சொல்லிப் பதில் எழுதினேன். வருத்தம் இல்லாமல் இல்லை. இரண்டு கடிதங்களிலும் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. அதனால்தான் அதிகமாக வலிக்கிறது.

சொந்தமாக அச்சிடுவது என்று அத்தானும் நானும் முடிவெடுத்தோம்.

2025 ஜனவரி 5

நேற்றும் இன்றும் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் சென்னைப் புத்தகக் காட்சி. வாங்குவதைவிடப் பார்ப்பதற்காகத்தான் வந்தேன். ஒவ்வொரு கடையிலும் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குத் தமிழில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். சிறுவர் கதைகளை ஒரு பக்கமும், பெரியவர்கள் நாவல்களை மறுபக்கமும் காட்டினார்கள். நடுவில் இருக்கிற வயதுக்கு ஒரு தட்டு நிறைவதற்குள் புத்தகம் தீர்ந்துவிடுகிறது. ஒரு பையன் அவன் அம்மாவிடம் ஆங்கிலப் புத்தகக் கடைக்குப் போகலாம் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். அவனைக் குறை சொல்ல முடியாது.

காகிதம், கட்டு, எழுத்தளவு எல்லாம் தொட்டுப் பார்த்துக் குறித்துக்கொண்டேன்.

2025 பிப்ரவரி 15

டெம்மி சைஸ் புத்தகம், 70 ஜி.எஸ்.எம். கனமுள்ள நேச்சுரல் ஷேட் தாள், 300 பிரதி. புத்தகத்துக்கான ஐ.எஸ்.பி.என். அடையாள எண் இணையத்தில் விண்ணப்பித்து வந்துவிட்டது. அதற்கு அரசு கட்டணம் வாங்குவதில்லை. பக்க வடிவமைப்பில் 210 பக்கம் வந்தது. அச்சக அண்ணன், "16 பக்கம் ஒரு ஃபாரம். 208-ன்னா 13 ஃபாரத்துல முடியும். ரெண்டு பக்கத்துக்காக வீணா இன்னொரு ஃபாரம் ஓட்டணும்" என்றார். முன்னுரையில் இரண்டு பக்கத்தைச் சுருக்கினேன். அது சுருங்கியதே நல்லது.

புரூஃப் பார்ப்பதுதான் பெரும்பாடு. யூனிகோடில் டைப் செய்ததை அவர்கள் பழைய எழுத்துருவுக்கு மாற்றியதில் 'ஔடதம்' எல்லா இடத்திலும் 'ஒளடதம்' ஆகிவிட்டது. ஒ ஒரு பக்கமும் ள ஒரு பக்கமும். கதையில் தாழை தேடிப் போவதே அந்த ஔடதத்தை, அந்த மருந்தைத்தான். 43 இடம். மூன்று இரவு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சுழித்தேன். வலி மிகும் இடம் மிகா இடம் பார்த்துத் தந்தது என்னோடு வேலை பார்க்கும் தமிழம்மா. அட்டையில் சிவப்பு மணல் மேடு, ஒற்றைப் பனை, அடியில் கவிழ்ந்த கலயம்.

2025 ஏப்ரல் 27

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு. ஆராதனை முடிந்ததும் வேம்படியில் மேஜை போட்டோம். ஐயர் முதல் பிரதியை ஜெபித்து, அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்தார்கள். 61 பிரதி போனது. அவற்றில் மூன்று பிரதி, பக்கத்துத் தெருப் பிள்ளைகள் வாங்கியவை, நம்ம சபைக் கோயிலுக்கு வராத வீட்டுப் பிள்ளைகள். அது எனக்கு மிகுந்த சந்தோஷம்.

2025 மே 11

பெரியப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து தினம் ஒரு அத்தியாயம் வாசித்துக் காட்டுகிறேன். தளைநார், முருக்குத்தடி, அருவாள்பெட்டி என்று பனையேறும் சாமான்கள் வரும்போதெல்லாம் கையால் காற்றில் அதைத் தொட்டுக்கொள்கிறார். இன்று ஏழாம் அத்தியாயம். தாழை நாள் முழுக்க நடந்து களைத்து, ஒரு அலகுப்பனை அடியில் விழுந்து கிடந்த நுங்கை வெட்டித் தின்கிறாள்.

"நிறுத்து தாயி" என்றார்.

நிறுத்தினேன்.

"அலகுப்பனை ஆம்பளைப் பனைல்லா. அதுல ஏது நுங்கு? பருவப்பனைன்னு போடு. பிள்ள பட்டினியா கெடக்காதா?"

உள்ளே போய்ப் பென்சில் எடுத்து வந்து, 52-ஆம் பக்கத்தில் 'அலகு' என்பதை அடித்துவிட்டு மேலே 'பருவ' என்று எழுதினேன். மீதி 239 பிரதிகளையும் நாளை காலையில் திருத்த வேண்டும்.

"ம், இப்ப வாசி" என்றார் பெரியப்பா.