முட்டுக் கொடுப்பவர் எங்கே நிற்கிறார்?

தொழிற்பாதுகாப்பு டிப்ளமோ முடிவு சென்ற வியாழக்கிழமை வந்தது. தேறிவிட்டேன். எழுத்துத் தாள்களை முதல் தடவையிலேயே முடித்தும் வாய்மொழித் தேர்வில் விழுந்து ஒரு வருடத்தை இழந்தவன் நான். அந்த வருடத்தைத் தின்றது ஒரே ஒரு கேள்வி. இதே தேர்வுக்குப் படிக்கும் உங்களுக்குப் பாடத்திட்டமும் தாள்களும் தெரியும் என்பதால், அந்தக் கேள்வியைப் பற்றித்தான் அதிகம் எழுதுகிறேன்.

"மூன்று மீட்டர் ஆழப் பள்ளம். உள்ளே குழாய் பதிக்க வேண்டும். பக்கங்கள் சரியாமல் இருக்க என்ன செய்வீர்கள்?"

சேலத்தில் பாதாளச் சாக்கடை வேலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். தினமும் பார்க்கும் வேலை என்ற தெம்பில் சட்டென்று சொன்னேன்: "இருபக்கமும் இரும்புத் தகடு இறக்கி, குறுக்கே ஜாக்கி வைத்து முட்டுக் கொடுப்போம் சார்."

"அந்த ஜாக்கியை முறுக்குகிறவர் எங்கே நிற்கிறார்?"

"பள்ளத்துக்குள், சார்."

"முறுக்கி முடிக்கும்வரை அவரைக் காப்பாற்றுவது எது?"

என்னிடம் பதில் இல்லை. தேர்வாளர் தாளை மூடிவிட்டு அடுத்தவரை அழைத்தார். அன்று அவர்மீது கோபம் வந்தது. வீட்டுக்கு வரும் பஸ்ஸில்தான் நினைவு வந்தது: எங்கள் தளத்தில் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

அதற்கு ஆறு மாதம் முன்பு, அம்மாபேட்டைப் பக்கம் ஒரு சந்தில் இரண்டரை மீட்டர் தோண்டியிருந்தோம். "செம்மண் சார், கல் மாதிரி நிற்கும்" என்றார் மேஸ்திரி. நின்றதும் உண்மைதான், செங்குத்தாக, வெட்டிய மண்வெட்டித் தடம்கூட அழியாமல். தகடுகளைச் சாய்த்து வைக்க ஒருவர் உள்ளே இறங்கினார். விளிம்பிலிருந்து இரண்டடி தள்ளி, பள்ளத்துக்கு இணையாக ஒரு விரிசல் ஓடுவதை நான் பார்த்தேன். ஒரு ரூபாய்க் காசு செருகும் அளவு. வெயிலில் வெடித்தது என்று நினைத்துவிட்டேன். கால்மணி நேரத்தில் அந்த விரிசல்வரை மண் ஒரே பாளமாக இறங்கியது. இறங்கியவர் ஏணிப் பக்கம் நகர்ந்திருந்ததால் முழங்கால்வரை மட்டும் புதைந்தார். கையாலும் சட்டியாலும் மண்ணை அள்ளி அவரை வெளியே எடுக்க நாற்பது நிமிடம் ஆனது. ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை. மார்புவரை மூடினால் தலை வெளியே இருந்தாலும் மூச்சு இழுக்க முடியாது. இந்த வரியைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான் நானும்.

அந்த மண் ஏன் சரிந்தது என்பதைப் பிறகுதான் படித்தேன். அந்தச் சந்தில் ஏற்கெனவே குடிநீர்க் குழாய்க்கும் கேபிளுக்கும் தோண்டி மூடியிருந்தார்கள். ஒருமுறை கிளறிய மண்ணை முதல்தர மண்ணாக, அதாவது மிக உறுதியான வகையாக, வகைப்படுத்தவே கூடாது. அமெரிக்க விதிகள் இதை வெளிப்படையாகச் சொல்கின்றன. நம் ஊர்த் தெருக்களில் கிளறாத மண் எங்கே இருக்கிறது? பக்கத்தில் பஸ் போகும் அதிர்வையும் முந்தின நாள் மழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மண் வகை பற்றிய கேள்வி வந்தால் நிறத்தைப் பார்த்துப் பதில் சொல்லாதீர்கள்.

தோற்ற பிறகு நான் செய்த ஒரே உருப்படியான காரியம் இது: மாம்பழப் பெட்டிப் பலகைகளை உடைத்து, கொல்லையில் முழ ஆழத்துக்கு ஒரு குட்டிப் பள்ளம் வெட்டி, முட்டுக் கொடுத்துப் பழகினேன். விதி ஒன்றுதான்: முட்டு இல்லாத இடத்தில் என் கை பள்ளத்துக்குள் போகக் கூடாது. முதல் நாள் முடியவே இல்லை. மூன்றாம் நாள்தான் வரிசை பிடிபட்டது. புத்தகத்தில் நாலு பக்கம் படித்தும் ஏறாதது, மண் படிந்த விரலில் ஏறியது.

அந்த வரிசை, ஹைட்ராலிக் சட்டமும் (பம்பு அடித்தால் விரிந்து தகடுகளை மண்ணோடு இறுக்கும் இரும்புச் சட்டகம்) தகடும் கொண்ட முறைக்கு:

1. முதலில் ஆள் இறங்கத் தேவையில்லாத ஆழத்துக்கு மட்டும் தோண்ட வேண்டும்.
2. சட்டத்தைச் சங்கிலியில் கட்டி மேலிருந்து இறக்கி, தரையில் நின்றபடியே பம்பு அடித்து விரிக்க வேண்டும்.
3. சட்டத்துக்கும் மண்ணுக்கும் இடையே தகடுகளைச் செருகி, இயந்திரத்தின் வாளியால் அழுத்த வேண்டும்.
4. மீண்டும் தோண்டல், மீண்டும் அழுத்தம். தகட்டின் கால் பள்ளத்தின் அடிமட்டத்துக்குக் கீழே ஊன்றியிருக்க வேண்டும். தலை தரைக்கு மேலே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால் கல் உருண்டு விழாது.
5. ஆழம் கூடினால் அடுத்த சட்டம், அதுவும் மேலிருந்தே.
6. ஏணி வைத்த பிறகுதான் ஆள்.

கழற்றும்போது தலைகீழ்: கீழ்ச் சட்டம் முதலில், மண் நிரப்பிக்கொண்டே மேலே வர வேண்டும். அவசரத்தில் மேல்சட்டத்தை முதலில் உருவுவதாக எழுதிய நண்பர் ஒருவருக்கு அந்தக் கேள்விக்கு மதிப்பெண்ணே விழவில்லை.

இன்னொரு இடத்தில் பலர் சறுக்குகிறார்கள். பாதுகாப்புப் பெட்டி வேறு, முட்டு வேறு. பெட்டி என்பது இரண்டு இரும்புப் பலகங்களும் இடையே குறுக்குக் கம்பங்களும். மண் சரிந்தாலும் உள்ளே இருப்பவர்மீது விழாமல் அது தாங்கும். மண் சரியாமல் பிடித்து வைப்பது அதன் வேலையில்லை. வெட்டவெளியில் நீளமாகக் குழாய் போடுகிறீர்கள் என்றால் பெட்டி நல்லது, இழுத்துக்கொண்டே போகலாம். பள்ளத்தை ஒட்டி வீட்டுச் சுவரோ மின்கம்பமோ இருந்தால் மண்ணே அசையக் கூடாது, அங்கே இறுக்கிப் பிடிக்கும் முட்டுதான். செவ்வாய்ப்பேட்டைச் சந்துகளை மனதில் வைத்துக்கொண்டால் இந்த வேறுபாடு மறக்காது. பெட்டியை இறக்கும்போதும் தூக்கும்போதும் உள்ளே யாரும் இருக்கக் கூடாது. இதை எழுதாமல் விடாதீர்கள். தயாரிப்பாளர் தரும் அட்டவணையில் உள்ள ஆழத்தைத் தாண்டி எந்தப் பலகத்தையும் இறக்கக் கூடாது என்பதையும் சேருங்கள்.

மனப்பாடம் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான்.

தோண்டும் வேலையின் பாதுகாப்புக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 3764, 1992ஆம் ஆண்டுப் பதிப்பு. 1.5 மீட்டருக்கு மேல் ஆழமென்றால் முட்டு.

தோண்டிய மண் விளிம்பிலிருந்து 1.5 மீட்டர் அல்லது ஆழத்தில் பாதி, இவற்றில் எது அதிகமோ அவ்வளவு தள்ளி. அமெரிக்க விதியில் இது 60 சென்டிமீட்டர். இரண்டையும் கலந்து எழுதாதீர்கள், கேள்வி எந்த நாட்டு விதி என்று பாருங்கள்.

ஏணி தரைக்கு மேல் 90 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

அமெரிக்க விதிப்படி சுமார் 6 மீட்டரைத் தாண்டினால் பதிவு பெற்ற பொறியாளரின் வடிவமைப்பு தேவை.

கட்டடத் தொழிலாளர் சட்டம் 1996, மத்திய விதிகள் 1998. 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2020ஆம் ஆண்டுத் தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது.

தினமும் வேலை தொடங்கும் முன்பும், மழைக்குப் பிறகும் ஆய்வு.

படிப்பு முறை பற்றிக் கேட்கிறவர்களுக்கு: நான் குழுவாகப் படிக்கவில்லை. எனக்குப் பேச்சு ஒத்துவராது. காலை நாலரைக்கு எழுந்து ஆறரைவரை, ஒரு நாளுக்கு ஒரு படம். பக்கம் பக்கமாகக் குறிப்பெடுப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு வேலையையும் படமாக வரைந்து அதில் மனிதர்களைப் புள்ளியாக வைத்தேன். சாரக்கட்டு, கொதிகலன், பளு தூக்கி என்று எதுவானாலும் கேள்வி ஒன்றே: இந்த நொடியில் புள்ளி எங்கே இருக்கிறது? பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யும் பழக்கமுள்ளவர்களுக்கு இது மெதுவாகத் தோன்றும். ஆனாலும் ஒருமுறை செய்து பாருங்கள்.

இந்த முறை வாய்மொழித் தேர்வில் வேறொரு தேர்வாளர். ஏற்காடு மலைப்பாதை போன்ற சரிவில் வடிகால் தோண்டினால் என்ன வேறுபாடு என்று கேட்டார். வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி வரைந்தேன். மேட்டுப்பக்கச் சுவர்மீது அழுத்தம் கூடுதல், இரண்டு பக்கமும் சமமாகத் தாங்கும் என்று கணக்குப் போடக் கூடாது, மழைநீரை மேலேயே வரப்புக் கட்டித் திருப்ப வேண்டும், மேட்டில் வண்டி நிறுத்தக் கூடாது என்று சொல்லிக்கொண்டே போனேன். ஆளைக் குறிக்கும் புள்ளியைக் கடைசியாக வைத்தேன்.

"ஏன் கடைசியில்?" என்றார்.

"முட்டு இறங்கி முடிந்த பிறகுதான் அவர் இறங்குகிறார், சார்."

இப்போது எங்கள் தளத்தில் தகடு இறக்கும்போது யாரும் உள்ளே இறங்காதபடி பள்ளத்தின் இரு முனையிலும் கயிறு கட்டுகிறோம். முழங்கால்வரை புதைந்தவர் திரும்ப வேலைக்கு வந்துவிட்டார். அந்தக் கயிற்றை அவிழ்க்கும் பொறுப்பு அவருடையது.