நானோ பொடி உருப்படுவதும் கெடுவதும் உலர்த்தும்போதுதான்

சோல்-ஜெல் முறையில், அதாவது கரைசலை ஜெல்லாக இறுக வைத்து உலர்த்திச் சுடும் வழியில், செராமிக் பொடி செய்வதைப் பற்றி யார் பேசினாலும் பீக்கரில் கண்ணாடி மாதிரி நிற்கும் ஜெல்லைத்தான் முதலில் காட்டுகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பொடி நானோவாகவே தங்குமா, கட்டி தட்டிப் போகுமா என்பது அந்த ஜெல்லை உலர்த்துகிற நேரத்தில்தான் பெரும்பாலும் முடிவாகிறது. செய்முறைக் குறிப்புகள் பலவற்றில் அதற்கு ஒரு வரிதான்: '100 டிகிரியில் ஓர் இரவு வைக்கவும்'.

வேதியியலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உலோக ஆல்காக்சைடு என்பது உலோக அணுவோடு ஆல்கஹாலிலிருந்து வந்த ஆல்காக்சி தொகுதிகள் ஒட்டிய சேர்மம். அதை ஆல்கஹாலில் கரைத்துத் தண்ணீர் சேர்த்தால் அந்தத் தொகுதிகள் கழன்று அந்த இடத்தில் ஹைட்ராக்சில் (OH) வந்து உட்காரும். அப்புறம் இரண்டு ஹைட்ராக்சில்கள் சேர்ந்து ஒரு தண்ணீர் மூலக்கூறை வெளியே தள்ளிவிட, உலோகம்-ஆக்சிஜன்-உலோகம் என்று வலை பின்னிக்கொண்டே போகும். வலை பீக்கர் முழுக்கப் பரவிவிட்டால் ஜெல். சிலிக்கான் ஆல்காக்சைடு ஈரக்காற்று பட்டு மெல்ல மெல்ல இறுகுவதை எபல்மென் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1840களிலேயே கவனித்துவிட்டார். சிலிக்கான் நிதானமான ஆள். டைட்டானியம் ஐசோப்ரொப்பாக்சைடு அப்படியில்லை, பாட்டிலைத் திறந்து மூடுவதற்குள் வாயோரத்தில் வெள்ளைப் பொருக்கு கட்டிவிடும். நேராகத் தண்ணீரை ஊற்றினால் ஜெல்லெல்லாம் கிடைக்காது, திரிதிரியாக வெள்ளை வீழ்படிவுதான். அதனால் முதலில் கொஞ்சம் அசிட்டைல்அசிட்டோன் சேர்ப்பார்கள். கரைசல் மஞ்சளாக மாறினால் அது டைட்டானியத்தைப் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். பிறகு தண்ணீரையும் ஆல்கஹாலில் கலந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும்.

சரி, ஜெல் வந்துவிட்டது. அதன் துளைகள் சில நானோமீட்டர் அளவுதான், உள்ளே திரவம். அது ஆவியாகும்போது ஒவ்வொரு துளையிலும் திரவப் பரப்பு குழிந்து சுவர்களை உள்நோக்கி இழுக்கும். எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள் (பரப்பு இழுவிசையின் இரு மடங்கை ஆரத்தால் வகுக்க வேண்டும்): தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.072 நியூட்டன், துளையின் ஆரம் 2 நானோமீட்டர் என்றால் 72 மெகாபாஸ்கல், ஏறக்குறைய 700 வளிமண்டல அழுத்தம்! இப்படி நெருக்கப்பட்ட துகள்களின் மேற்பரப்பில் ஹைட்ராக்சில்கள் வேறு ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. உலையில் சூடு ஏறியதும் அவை தண்ணீரைக் கழற்றிவிட்டு நிரந்தரப் பிணைப்பாகிவிடும். அப்படி ஒட்டிய கட்டியை அகேட் கல்வத்தில் போட்டு எவ்வளவு அரைத்தாலும் பழைய தனித்துகள்கள் திரும்பி வராது.

உலர்த்துவதற்கு முன்னால் ஜெல்லை எத்தனால் வைத்து அலசுவது இதற்காகத்தான். பலர் அதை ஏதோ சுத்தம் பண்ணுகிற வேலை என்று நினைத்து ஒரே அலசலோடு விட்டுவிடுகிறார்கள். எத்தனாலின் பரப்பு இழுவிசை தண்ணீருடையதில் மூன்றில் ஒரு பங்குதான், அதோடு மேற்பரப்பு ஹைட்ராக்சில்களில் ஒரு பகுதியை எத்தாக்சி தொகுதிகளாக மாற்றியும் விடும். சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேலே நிற்கும் திரவத்தைக் கொட்டி, புது எத்தனாலில் நன்றாகக் கலக்கி மறுபடி சுற்றுவது அலுப்பான வேலைதான், ஆனால் பலன் பொடியில் தெரியும். வசதி இருந்தால் உறைநிலை உலர்த்தல் (திரவத்தை உறைய வைத்து நேராக ஆவியாக்குவது) அல்லது மீமாறுநிலை கார்பன் டை ஆக்சைடு கொண்டு உலர்த்தல். கார்பன் டை ஆக்சைடு 31 டிகிரி, 73 வளிமண்டல அழுத்தத்தைத் தாண்டினால் திரவம், வாயு என்ற எல்லையே இல்லாமல் போவதால் இழுக்கிற குழிந்த பரப்பும் இருக்காது.

உலையில் பேராசை கூடாது. உலர்ந்த ஜெல் பெரும்பாலும் படிக ஒழுங்கில்லாமல் இருக்கும். டைட்டானியா (டைட்டானியம் டை ஆக்சைடு) 400, 500 டிகிரி வாக்கில் அனடேஸ் என்ற வடிவத்தில் படிகமாகும், இன்னும் ஏற்றிக்கொண்டே போனால் ரூட்டைல் என்ற வேறு படிக வடிவமாக மாறும், துகளும் வேகமாகப் பெரிதாகும். சிர்கோனியாவில் (சிர்கோனியம் டை ஆக்சைடு) ஒரு வேடிக்கை உண்டு. தூய சிர்கோனியாவின் நாற்கோணப் படிக வடிவம் சுமார் 1170 டிகிரிக்கு மேல்தான் நிலைக்க வேண்டும், ஆனால் துகள் 30 நானோமீட்டருக்குள் இருந்தால் அறை வெப்பநிலையிலும் அப்படியே நின்றுவிடும். அதைக் காப்பாற்றவாவது சூட்டை அளவோடு கொடுங்கள்.

கடைசியாக அளவு. எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு) வரைபடத்தின் உச்சி அகலத்தை, அதிலிருந்து அளவைக் கணக்கிடும் ஷெரர் சமன்பாட்டில் போட்டு '10 நானோமீட்டர் பொடி' என்று அறிவித்துவிடுவது எனக்கு ஒப்பவே ஒப்பாது. அது படிகத்தின் அளவு, பொடித்துகளின் அளவு அல்ல. நூறு படிகங்கள் ஒட்டிக்கிடந்தாலும் ஷெரருக்குத் தெரியாது. கூடவே நைட்ரஜன் வாயு பொடியின் மேல் எவ்வளவு ஒட்டுகிறது என்பதை வைத்து, ஒரு கிராம் பொடியின் மேற்பரப்பையும் அளந்து பாருங்கள். அடர்த்தியையும் மேற்பரப்பையும் பெருக்கி 6-ஐ அதால் வகுத்தால் சராசரி விட்டம் வந்துவிடும். சிர்கோனியாவின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு சுமார் 6 கிராம். கிராமுக்கு 100 சதுர மீட்டர் வந்தால் விட்டம் 0.01 மைக்ரோமீட்டர், அதாவது 10 நானோமீட்டர், ஷெரரோடு ஒத்துப்போகிறது. 20 சதுர மீட்டர்தான் என்றால் விட்டம் 50 நானோமீட்டர், அதாவது படிகங்கள் ஒட்டிக்கிடக்கின்றன. அப்போது உலையைத் திட்டுவதற்கு முன்னால் எத்தனால் அலசலை எத்தனை முறை செய்தீர்கள் என்று பாருங்கள்.