தீரா நோயும் வாராத செல்வமும்

நாச்சியார்கோயிலில் இருந்து கும்பகோணம் போகும் முதல் பஸ்ஸில் ஏறும்போது இன்னும் விடியவில்லை. அப்பாவின் மடியில் பழைய வேட்டித் துணியில் சுற்றிய குத்துவிளக்கு. அம்மாவிடம் மஞ்சள் பை. அதில் வெல்லம், உப்பு, மிளகு, ஒரு புட்டி நல்லெண்ணெய். அங்கேயே கடைகளில் எல்லாம் கிடைக்கும் என்று சொன்னால் அம்மா கேட்கவில்லை. "வீட்டுல இருந்து எடுத்துட்டுப் போறதுதான் பாப்பா நேர்த்திக்கடன்" என்றாள்.

பி.காம். கடைசித் தேர்வு முடிந்த அடுத்த செவ்வாய்க்கிழமை அது. வைத்தீஸ்வரன்கோயிலுக்கு நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து போவது அதுதான் முதல் முறை. அம்மா மட்டும் 2023-ல் தனியாகப் போய்வந்திருக்கிறாள். நான் அப்போது வீட்டுத் திண்ணையில் போர்வைக்குள் கிடந்தேன்.

எங்கள் ஊர் விளக்குக்குப் பேர்போனது. அப்பா பட்டறையில் கடைசல் வேலை பார்த்தவர். வார்த்து வரும் பித்தளைத் தண்டைக் கடைசல் மெஷினில் பிடித்து, வளையம் வளையமாக இழைப்பார். 2021 கார்த்திகைக்கு முன்னால், ஆர்டர் குவிந்து ராத்திரி பகலாக வேலை ஓடிய ஒரு நாளில், வலது கையின் இரண்டு விரல்கள் போய்விட்டன. ஆஸ்பத்திரிச் செலவுக்கும் வீட்டுச் செலவுக்கும் அம்மா தெரிந்தவர் ஒருவரிடம் 25,000 ரூபாய் வாங்கினாள். பத்து வட்டி. அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் பத்து ரூபாய்.

அடுத்த வருஷம் தீபாவளிக்குப் பிறகு எனக்கு இருமல் பிடித்தது. ஒரு கிளினிக்கில் சளி என்றார்கள், அலர்ஜி என்றார்கள், டானிக் டானிக்காக எழுதிக் கொடுத்தார்கள். மூன்று மாதம் அப்படியே ஓடிப்போனது. சாயங்காலமானால் காய்ச்சல் வரும், ராத்திரி வேர்த்து ஜாக்கெட் நனையும். எடை 37 கிலோவுக்கு இறங்கியது. பிளஸ் டூ தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளியை எடுத்துச் சோதித்தார்கள். டி.பி. என்று முடிவு வந்தது.

அன்று அம்மா அழவில்லை. நர்ஸ் அக்கா சொன்னதையெல்லாம் மனப்பாடம் செய்கிறவள் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள். ஆறு மாதம், ஒரு நாள் விடாமல். என் எடைக்குத் தினமும் மூன்று மாத்திரை, காலையில் வெறும் வயிற்றில். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்படாதே. மாத்திரை இலவசம். சத்தான சாப்பாட்டுக்கு மாதம் 500 ரூபாய் (அப்போதைய தொகை) அரசாங்கம் வங்கிக் கணக்கில் போடும். பாதியில் மட்டும் நிறுத்திவிடாதே, நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத டி.பி.யாகத் திரும்பி வரும்.

மார்ச் தேர்வை நான் எழுதவில்லை. வகுப்புப் பிள்ளைகள் பரீட்சை அட்டையோடு தெருவில் போவதைத் திண்ணையில் இருந்து பார்த்தேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத இன்னும் மனசு வரவில்லை.

படுத்துக் கிடந்த அந்த நாட்களில்தான் ஒரு நாள் கணக்குப்பதிவியல் நோட்டின் பின்பக்கத்தில் எங்கள் வீட்டுக் கடனை எழுதிப் பார்த்தேன். வாங்கியது 25,000. மாதம் 2,500 வீதம் 14 மாதம் கட்டியது 35,000. மீதி நிற்கும் அசல் 25,000. மூன்று வரிதான். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் காதில் கிடந்த தோட்டையும் ஜிமிக்கியையும் கழற்றிக் கூட்டுறவுச் சங்கத்தில் அடகு வைத்து, அந்தக் கடனை முழுசாக அடைத்துவிட்டு வந்தாள். பழைய கடனுக்கு ஒரு மாதத்துக்குக் கட்டிய வட்டியைவிடக் கொஞ்சம்தான் கூடுதல், சங்கத்தில் ஒரு வருஷ வட்டியே. காதுத் துளை தூர்ந்துவிடாமல் இருக்க இரண்டு வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டாள். காசைப் பற்றித்தான் படிக்க வேண்டும் என்று நான் முடிவு செய்தது அன்றைக்குத்தான்.

கும்பகோணத்தில் ரயிலேறி, மயிலாடுதுறையில் இறங்கி, சீர்காழி பஸ்ஸைப் பிடித்துக் கோயில் வாசலில் இறங்கியபோது நல்ல வெயில். இறங்கியதுமே நாடி ஜோதிடத்துக்கு அழைக்கிறவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "கட்டை விரல் ரேகை குடும்மா, உன் ஓலை எங்ககிட்ட இருக்கு." அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். 2023-ல் அவள் தனியாக வந்தபோதும் இதே மாதிரி கூப்பிட்டிருக்கிறார்கள். பிள்ளை பிழைக்குமா என்று கேட்டுவிட மனசு துடித்ததாம். "கேட்டு என்ன செய்யப் போறேன்? பிழைக்க வைன்னு கேட்கத்தானே வந்தேன்" என்று நேரே உள்ளே போய்விட்டாளாம்.

முதலில் சித்தாமிர்தக் குளம். படியில் உட்கார்ந்து வெல்லத்தைத் தண்ணீரில் விட்டோம். வெல்லம் கரைகிற மாதிரி நோய் கரையும் என்பது நம்பிக்கை. என் கையில் இருந்த உருண்டை சட்டென்று கரையவில்லை. முதலில் ஓரம் மழுங்கியது, அப்புறம் பழுப்பாக ஒரு கோடு பிரிந்து படியோரம் நெளிந்து போனது. உள்ளங்கையில் கடைசியாக ஒரு மணல் துணுக்கு மிஞ்சியது. ஆறு மாதமும் அப்படித்தான் போனது. ஒரே நாளில் எதுவும் சரியாகவில்லை.

இந்த ஊரின் பழைய பெயர் புள்ளிருக்குவேளூர். புள்ளாகிய சடாயு, இருக்கு வேதம், வேலேந்திய முருகன், ஊர் என்னும் சூரியன், நால்வரும் வழிபட்ட தலம் என்பார்கள். சுவாமி வைத்தியநாதர், மேற்கு பார்த்து இருக்கிறார். அம்பாள் தையல்நாயகி. வைத்தியம் பார்க்கப் புறப்பட்ட சுவாமியோடு தைலப் பாத்திரத்தை ஏந்தி வந்தவள் என்பது தலபுராணம். சன்னதியில் நிற்கையில் எனக்கு நர்ஸ் அக்கா ஞாபகம்தான் வந்தது. வாரா வாரம் சைக்கிளில் வந்து, மாத்திரை அட்டையை வாங்கிக் காலியான குழிகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிப் பார்த்துவிட்டுப் போவார்.

மூன்றாவது மாதம் நான் மாத்திரையை நிறுத்தப் பார்த்தேன். காய்ச்சல் நின்றுவிட்டது, இருமல் இல்லை, ஆனால் மாத்திரையைப் பார்த்தாலே குமட்டல். அம்மா இந்தக் கோயிலுக்கு வந்து, மருந்துப் பிரசாதமான திருச்சாந்துருண்டை வாங்கி வந்திருந்த சமயம் அது. "சாமி மருந்தே வந்துடுச்சு, இனி இது எதுக்கு?" என்று கேட்டேன். அம்மா கோபித்துப் பார்த்ததே இல்லை, அன்று கோபித்தாள். கோயிலில் ஓதுவார் பாடியதை அங்கேயே இரண்டு முறை கேட்டு மனசில் வாங்கி வந்திருந்தாள். 'மந்திரமும் தந்திரமும் மருந்துமாகி' என்று அப்பர் சுவாமிகள் பாடியிருக்கிறார், மருந்தும் அவர்தான்டி, இந்த மாத்திரையும் அவர்தான், முழுங்கு என்றாள். முழுங்கினேன். ஆகஸ்டில் மாத்திரைக் கணக்கு முடிந்தபோது 168 நாள் ஆகியிருந்தது, ஒரு நாள் விடவில்லை. நடுவே ஜூன் மாதம் துணைத்தேர்வையும் எழுதித் தேறி, கல்லூரியில் மிச்சமிருந்த இடத்தில் பி.காம். சேர்ந்துவிட்டேன். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வந்தது. பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் அதுதான்.

நாங்கள் சுவாமி சன்னதியில் நின்ற நேரத்தில் ஓதுவார் அதே திருத்தாண்டகத்தைப் பாடினார். அம்மா வாய்க்குள் கூடவே சொன்னாள். நான் அதுவரை அந்தப் பாட்டை முழுசாகக் கேட்டதில்லை. 'வாராத செல்வம் வருவிப்பானை' என்று வந்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மூன்று வருஷமாக 'வாராக்கடன்' என்று எழுதி எழுதித் தேய்ந்த கை இது. வராது என்று முடிவு கட்டி, நட்டக் கணக்கில் தள்ளிவிடுவதற்குப் பெயர் வாராக்கடன். தேர்வெழுதாத அந்த வருஷம் உறவுக்காரர்கள் என்னை அப்படித்தான் தள்ளி வைத்தார்கள். சீக்காளிப் பிள்ளைக்கு இனி எதற்குப் படிப்பு என்று அம்மாவின் முகத்துக்கு நேரே சொன்னவர்கள் உண்டு. தீரா நோயைத் தீர்ப்பதையும் வாராத செல்வத்தை வரவைப்பதையும் ஒரே பாட்டில் அடுத்தடுத்து வைத்திருக்கிறாரே அப்பர், நோய் வந்த வீட்டில் காசுக் கஷ்டமும் கூடவே நுழையும் என்று தெரிந்துதான் வைத்தாரோ என்று தோன்றியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது தீபாராதனை முடிந்திருந்தது. பரவாயில்லை.

செல்வமுத்துக்குமார சுவாமியைப் பார்த்துவிட்டு, அங்காரகனைச் சுற்றிவிட்டு (செவ்வாய்க்கிழமைக் கூட்டம், நெருங்கவே முடியவில்லை), நெஞ்சு வடிவம் பதித்த சின்ன வெள்ளித் தகட்டை உண்டியலில் போட்டோம். பிறகு அப்பா அம்பாள் சன்னதிக்குத் திரும்பி வந்து துணியைப் பிரித்தார்.

விரல் போன பிறகு அப்பா முழுசாகத் தன் கையால் செய்த முதல் விளக்கு அது. ஒரு முழ உயரம். தண்டில் ஒவ்வொரு வளையமும் சீராக விழுந்திருந்தது. ஓரிடத்தில் மட்டும், கைப்பிடி நழுவியிருக்க வேண்டும், ஒரு கோடு கொஞ்சம் ஆழமாக வெட்டியிருந்தது. பட்டறையில் இருந்தால் அதை உருக்கிவிடுவார்கள். அப்பா அந்த இடத்தைக் கட்டை விரலால் ஒரு தடவை தடவிவிட்டுக் குருக்களிடம் நீட்டினார். குருக்கள் அம்மாவின் நல்லெண்ணெயையே ஊற்றித் திரி போட்டு ஏற்றினார். "யார் பேருக்கு?" என்று கேட்டார். அப்பா என் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி, கொஞ்சம் தயங்கி, "பி.காம். முடிச்சிருக்கு சாமி" என்றார்.

வெளியே வந்து தல விருட்சமான வேம்பின் நிழலில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தோம். தோடு இன்னும் சங்கத்தில்தான் இருக்கிறது. வருஷா வருஷம் வட்டி கட்டித் திருப்பி வைத்துக்கொண்டு வருகிறோம். அடுத்த மாதம் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலைக்குச் சேரப் போகிறேன். சம்பளத்தில் மாதம் எவ்வளவு ஒதுக்கினால் எப்போது மீட்கலாம் என்று ரயிலிலேயே கணக்குப் போட்டிருந்தேன். "பொங்கலுக்குள்ள மீட்டுடலாம்மா" என்றேன்.

"அதுக்கென்ன அவசரம்" என்றாள் அம்மா. கீழே உதிர்ந்து கிடந்த ஒரு வேப்பஈர்க்கை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நகத்தால் இரண்டாகக் கிள்ளினாள். காதில் இருந்த பழைய குச்சிகளை உருவிப் போட்டுவிட்டு, புதுசைச் செருகிக்கொண்டாள்.